80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறதா? பேலன்சிங் செய்யும் முன் இதைப் படியுங்கள்! - கார் கவனம்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பும் காருக்கு செங்கல்பட்டு தாண்டும் வரை பெரிய சோதனை எதுவும் இருக்காது. சிக்னல், நெரிசல், டோல்கேட் என்று 40, 50-லேயே உருண்டுகொண்டிருக்கும். அதன்பிறகு ரோடு திறந்துவிடும். வேகம் 80-ஐத் தொடும். அப்போதுதான் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் எட்டிப் பார்க்கும். 90-ல் உள்ளங்கை முழுக்கத் தெரியும். கப் ஹோல்டரில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குள் சின்னச் சின்ன அலைகள் ஓடும்.

'ரோடு சரியில்லைபோல' என்று சிலர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். 'நூறைத் தாண்டினால் சரியாகிவிடும்' என்று சிலர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். ஊர் திரும்பியதும் ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட் என்று மறுபடியும் 40-லேயே ஓட்டம். அதிர்வும் இல்லை, அதன் ஞாபகமும் இல்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குடும்பத்தோடு மறுபடி நெடுஞ்சாலை ஏறும்போதுதான் அது திரும்ப வரும்.

இந்த உதறலுக்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். வீல் பேலன்ஸ் போயிருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆனால், இதே உதறலைத் தளர்ந்துபோன வீல் நட்டும் தரும். வெடிக்கக் காத்திருக்கும் டயரும் தரும். ஸ்டீயரிங் பிடித்திருக்கும் கைக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். எது எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த வாரக் 'கார் கவனம்'.

20 கிராம், 3 கிலோ ஆவது எப்படி?

டயரும் ரிம்மும் சேர்ந்ததுதான் வீல். பார்க்க வட்டமாக இருந்தாலும் அதன் எடை எல்லாப் பக்கமும் துல்லியமாக ஒரே அளவில் இருக்காது. ஏதோ ஓரிடத்தில் சில கிராம் கூடுதலாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு ஒரு சின்ன எடைக்கட்டியைப் பொருத்திச் சமன் செய்வதுதான் வீல் பேலன்சிங்.

சில கிராமுக்கு இவ்வளவு பெரிய கார் ஆடுமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல ஹேட்ச்பேக், செடான் கார்களில் இருக்கும் 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு முறை சுற்றினால் கார் ஏறக்குறைய 1.95 மீட்டர் நகரும். 100 கி.மீ வேகத்தில் அந்த வீல் விநாடிக்கு 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் வெறும் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது வீலை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 3 கிலோ எடைக்குச் சமம். விநாடிக்கு 14 தடவை, ஒரு 3 கிலோ சுத்தியலால் மேலும் கீழுமாகத் தட்டுவதுபோல.

இதே 20 கிராம், 50 கி.மீ வேகத்தில் முக்கால் கிலோ விசையைத்தான் தரும். காரணம், வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாமல், ஹைவேயில் மட்டும் உதறுவதன் ரகசியம் இதுதான்.

'100-ல் உதறுகிறது, 120-ல் உதறல் குறைகிறதே' என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் அது வீசி ஆடும். நேரம் தவறித் தள்ளினால் அவ்வளவாக ஆடாது. காரின் சஸ்பென்ஷனுக்கும் அப்படி இயல்பான ஓர் ஆட்ட வேகம் இருக்கிறது. வீல் சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் உதறல் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினால் குறைந்ததுபோலத் தெரியும். ஆனால், வீலை இழுக்கும் விசை குறைவதில்லை. அது கூடிக்கொண்டேதான் போகிறது. பேரிங்கும் டயரும் சஸ்பென்ஷனும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. வேகத்தைக் கூட்டி உதறலைத் தாண்டுவது பழுதை மறைக்கும் வேலைதான்.

பேலன்ஸ் போவதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. ரிம்மில் ஒட்டிய எடைக்கட்டி கழன்று விழுந்திருக்கலாம். பஞ்சர் போடும்போது டயரைக் கழற்றி மாற்றிப் பூட்டியிருக்கலாம். டயர் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்திருக்கலாம். மழைக்காலத்தில் கிராமத்து மண் ரோட்டில் போய்வந்த கார் என்றால் ரிம்மின் உட்புறம் சேறு அப்பிக் காய்ந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்கு வைத்தியம், வாட்டர் வாஷ் மட்டுமே.

மூன்று கேள்விகள்... பாதி விடை!

டயர் கடைக்குப் போய் 'வண்டி ஆடுது, பாருங்க' என்று சொன்னால், அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் சேர்த்துச் செய்து பில் கொடுத்துவிடுவார்கள். சரியாகவில்லை என்றால் அடுத்து டை ராட், பிறகு பால் ஜாயிண்ட், பிறகு ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றும் படலம் ஆரம்பிக்கும். அதற்குள் போகாமல் இருக்க, கடைக்குப் போகும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நெரிசல் இல்லாத நல்ல சாலையும், பக்கத்து இருக்கையில் குறித்துக்கொள்ள ஒருவரும் போதும். அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டத் தேவையில்லை. ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது.

முதல் கேள்வி: எந்த வேகத்தில் வருகிறது?

80-க்கு மேல் ஆரம்பித்து, வேகம் கூடக் கூட வலுத்தால் பேலன்சிங்தான் முதல் சந்தேகம். 20 முதல் 40 கி.மீ-க்குள்ளேயே வீல் நொண்டுவதுபோல 'தடக் தடக்' என்று ஆடினால் பேலன்சிங் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. டயருக்குள் இருக்கும் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், ரிம் மோசமாக வளைந்திருக்கலாம், நட் தளர்ந்திருக்கலாம். மூன்றுமே உடனே கவனிக்க வேண்டியவை.

இரண்டாவது கேள்வி: எங்கே தெரிகிறது?

ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் வீல்கள். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் வீல்கள். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தா 'என்னப்பா, பஸ்ல போற மாதிரி இருக்கு' என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரைவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது.

மூன்றாவது கேள்வி: கால் எந்தப் பெடலில் இருக்கும்போது வருகிறது?

இதுதான் அதிகம் பேர் கவனிக்காத கேள்வி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும், அதே வேகத்தில் அதே உதறல் என்றால் அது வீல் சம்பந்தப்பட்டது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கும் பெடலும் சேர்ந்து துடித்தால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லையென்றால் இப்படித் துடிக்கும். இதற்கு எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயனில்லை.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும், குறிப்பாக மேடு ஏறும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், இன்ஜினிலிருந்து வீலுக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயிண்ட்.

இன்ஜின் மேல் சந்தேகமா? காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹைவேயில் உதறியபோது மீட்டரில் இருந்த அதே ஆர்.பி.எம் வரை மெதுவாக ரெய்ஸ் செய்து பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போதும் அதே அதிர்வு வந்தால் இன்ஜின் மவுன்ட் போன்றவை. வராவிட்டால் அது கார் ஓடும்போது மட்டுமே சுழலும் பாகங்களில் இருக்கிறது.

அதிர்வைவிட சத்தம்தான் அதிகம் என்றால் வீல் பேரிங். தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல ஒரு ரீங்காரம் வரும், வேகத்தோடு கூடும். வலப்பக்க வளைவில் திரும்பும்போது காரின் எடை இடப்பக்க வீல்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பேரிங் மேல் சந்தேகம். இடப்பக்க வளைவில் கூடினால் வலப்பக்கம்.

கையில் இருக்கும் போனே மீட்டர்தான்

உங்கள் ஸ்மார்ட்போனில் அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதை வைத்து அதிர்வை ஹெர்ட்ஸ் கணக்கில் காட்டும் இலவச ஆப்கள் கிடைக்கின்றன. ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை தடவை என்று அர்த்தம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் போனைக் காரின் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம்.

மேலே சொன்ன 15 அங்குல வீல், 80 கி.மீ வேகத்தில் விநாடிக்கு 11 முறையும், 100 கி.மீ வேகத்தில் 14 முறையும் சுற்றுகிறது. ஆப் காட்டும் எண்ணும் 80-ல் 11-ஐ ஒட்டியும் 100-ல் 14-ஐ ஒட்டியும் இருந்தால், அது வீலின் தாளம். இன்ஜினின் தாளம் வேறு. 2,400 ஆர்.பி.எம்-ல் இன்ஜின் விநாடிக்கு 40 முறை சுற்றும். இன்னோவா க்ரிஸ்டா போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் அடியில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், வீலைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். எண்கள் இவ்வளவு தள்ளித் தள்ளி இருப்பதால் குழப்பம் வராது. கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இல்லை. ஆனால் 'எத்தனை தடவை பேலன்சிங் செய்தும் சரியாகவில்லை' என்பவர்களுக்கு உதவும்.

மெஷினில் ஏற்றும் முன் கண்ணால் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால், அது இதுவாக இருக்கட்டும். பேலன்சிங் மெஷின் எடையை மட்டும்தான் பார்க்கும். டயர் நல்ல டயரா, கெட்ட டயரா என்று அதற்குத் தெரியாது. பக்கவாட்டில் வீங்கிய டயரையும் மெஷினில் ஏற்றி, எடைக்கட்டி ஒட்டி, 'ஜீரோ' கொண்டுவந்துவிடலாம். அந்த ஜீரோவை நம்பிக் குடும்பத்தோடு ஹைவே ஏறுவதுதான் ஆபத்து.

வீல் நட்: பஞ்சர் போட்டோ, டயர் மாற்றியோ சில நாள்களுக்குள் உதறல் புதிதாக வந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டோடு ஓடினால் போல்ட்டும் ரிம்மின் துளையும் தேய்ந்து, வீலே கழன்றுபோகும் நிலை வரலாம். நட்டுகளைச் சுற்று வரிசையில் முடுக்கக் கூடாது. ஒன்றை முடுக்கியதும் அதற்கு எதிரே இருப்பதை முடுக்க வேண்டும். காரை ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு கடைசி முடுக்கு. புதிதாக அலாய் வீல் மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ ஓடியதும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

வீக்கம்: டயரின் பக்கவாட்டில் கொப்புளம்போல ஒரு வீக்கம் இருக்கிறதா? பள்ளத்திலோ, உயரமான நடைமேடை விளிம்பிலோ மோதியபோது உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்து, காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ரிப்பேர் கிடையாது. 'இன்னும் பட்டன் இருக்கே சார், கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டயரை மாற்றுவது மட்டுமே வழி. உட்பக்கச் சுவரிலும் வீக்கம் வரும். அது நின்றபடி பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, போன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தேய்மானம்: டயர் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்று தடவுங்கள். கம்பி ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் மெதுவாக. ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம் என்று அலை அலையாக இருந்தால் டயர் சீராகத் தேயவில்லை. ஒரே இடத்தில் மட்டும் மேடாகத் தள்ளியிருந்தால் உள் அடுக்கு பிரிந்திருக்கலாம். அதை ஓட்டக் கூடாது. காடிகளின் ஆழம் மோட்டார் வாகன விதிப்படி குறைந்தது 1.6 மி.மீ இருக்க வேண்டும்.

வயது: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. மாதம் ஒரு முறை மட்டும் ஓடும் கார்களில், பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடினால் டயர் கடையில் காட்டிவிட்டே ஹைவே ஏறுங்கள்.

கழன்ற கட்டி: ரிம்மில் ஒரு சின்னச் செவ்வகம் மட்டும் சுத்தமாகவும், பசைத் தடத்தோடும் இருந்தால், அங்கே இருந்த எடைக்கட்டி விழுந்துவிட்டது. உதறலுக்குக் காரணம் கையோடு கிடைத்துவிட்டது.

மெஷின் பக்கத்தில் நின்று கவனியுங்கள்

பேலன்சிங் நடக்கும்போது வெயிட்டிங் ரூமில் போன் பார்த்துக்கொண்டிருக்காமல், மெஷின் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ரிம்மில் இருக்கும் சேற்றையும் பழைய எடைக்கட்டிகளையும் எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பழைய கட்டியின் மேலேயே புதிதாக ஒட்டிக்கொண்டே போவது சரியான முறை இல்லை.

வீல் சுற்றும்போது மெஷினின் எண்ணைவிட டயரைப் பாருங்கள். டயரின் மேற்பரப்பு மேலும் கீழும் குதிக்கிறதா? ரிம்மின் விளிம்பு இடமும் வலமுமாக நெளிகிறதா? குதித்தாலோ நெளிந்தாலோ வடிவத்தில் கோளாறு. முட்டை வடிவ வீலைக்கூட எடை வைத்துச் சமன் செய்துவிடலாம். ஆனால் ரோட்டில் அது முட்டையாகத்தான் உருளும்.

மெஷின் எவ்வளவு எடை கேட்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் 80, 100 கிராம் என்று கேட்டால், கட்டிகளை வரிசையாக ஒட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ரிம்மில் டயரை அரைச் சுற்று திருப்பிப் பூட்டினாலே அந்த எண் பாதியாகக் குறைவது உண்டு. புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். காற்றடிக்கும் வால்வு பக்கம் அந்தப் புள்ளி வரும்படி பூட்டுவது வழக்கம்.

எடை ஒட்டியதும் இன்னொரு முறை சுற்றவிட்டு, உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் ஜீரோ காட்டுவதைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், மெஷினில் வீலைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி மறுபடி பூட்டிச் சுற்றச் சொல்லுங்கள. எண் பெரிதாக மாறினால், முதலில் வீலை நடுவில் சரியாகப் பூட்டவில்லை என்று அர்த்தம்.

ஜீரோ வந்தும் உதறுகிறதா?

நான்கு வீலும் ஜீரோ. பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் மறுநாள் ஹைவேயில் அதே உதறல். இப்போது என்ன செய்வது?

முதல் வேலை, செலவே இல்லாதது. முன் வீல்களைப் பின்னாலும், பின் வீல்களை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். நான்கும் ஒரே அளவு டயராக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் இருந்த உதறல் இப்போது சீட்டுக்குப் போய்விட்டதா? குற்றவாளி டயரோ ரிம்மோதான்; ஒவ்வொன்றாகத் தேடினால் அகப்படும். உதறல் ஸ்டீயரிங்கிலேயே இருக்கிறதா? டயரை விட்டுவிடுங்கள். பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட், ஆக்ஸில் பக்கம் போகலாம். இந்தச் சோதனைக்கு ஸ்டெப்னியை மாட்டிப் பார்க்கும் முன் அதில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள். பல புதிய கார்களில் ஸ்டெப்னி சிறியதாக இருக்கும். அதற்கு 80 கி.மீ என்பதே உச்ச வேகம்.

இரண்டாவது, வெளியில் வாங்கி மாட்டிய அலாய் வீல். பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக இவற்றின் நடுத்துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். காரின் ஹப் அதைவிடச் சிறியதாக இருந்தால் வீல் துல்லியமாக நடுவில் உட்காராது. மெஷினில் நடுவில் சுற்றியதால் ஜீரோ. காரில் ஒரு இழை தள்ளிச் சுற்றுவதால் உதறல். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் கிடைக்கிறது. விலை அதிகமில்லை. சரியான அளவில் போட்டாலே பல கார்களில் பிரச்னை தீர்ந்துவிடும். ஹப் மேல் துரு படிந்து வீல் சரியாகப் படியாமல் இருந்தாலும் இதே கதைதான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, டயரின் விறைப்பு. சில டயர்களில் எடை சரியாக இருக்கும், வடிவமும் சரியாக இருக்கும். ஆனால் சுவரின் ஓரிடம் மட்டும் மற்ற இடத்தைவிட விறைப்பாக இருக்கும். காரின் எடை மேலே அழுத்தும்போதுதான் இது வெளியே தெரியும். சில பெரிய சென்டர்களில் இருக்கும் 'ரோடு ஃபோர்ஸ்' மெஷின், ஓர் உருளையை டயர் மேல் அழுத்திச் சுற்றவிட்டு இதைக் கண்டுபிடிக்கும். சாதாரண பேலன்சிங்கைவிடக் கட்டணம் கூடுதல் என்பதால், மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் போனால் போதும்.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

இரண்டும் ஒரே போர்டில் எழுதப்பட்டிருப்பதால் பலருக்கும் இரண்டும் ஒரே வேலை. ஆனால் பேலன்சிங் என்பது எடை. அலைன்மென்ட் என்பது கோணம். நேரான ரோட்டில் கார் ஒரு பக்கமாக இழுத்தால், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருந்தால், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். உதறலுக்கு அது நேரடி மருந்து இல்லை. ஆனால் மாதக்கணக்கில் அலைன்மென்ட் தவறி ஓடினால் டயர் கண்டபடி தேயும். தேய்ந்த டயர் உதறும். அப்போது அலைன்மென்டைச் சரிசெய்தாலும் தேய்ந்த டயர் தேய்ந்ததுதான்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

பஞ்சர் போட்டால் ஒவ்வொரு முறையும் பேலன்சிங் வேண்டுமா?
வெளியிலிருந்தே திரி செருகிப் போடும் பஞ்சருக்கு அவசியம் இருக்காது. டயரைக் கழற்றி உள்ளே பேட்ச் ஒட்டினால் அந்த வீலுக்கு பேலன்சிங் செய்துவிடுங்கள்.

டயருக்குள் சீலன்ட் திரவம் ஊற்றலாமா?
கார் நிற்கும்போது திரவம் அடியில் தேங்கி, ஓடும்போது சீராகப் பரவாமல் உதறல் தரும் வாய்ப்பு உண்டு. ஊற்றியிருந்தால் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மெஷின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு எண் காட்டும்.

நைட்ரஜன் நிரப்பினால் உதறல் போகுமா?
போகாது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு மாதம் நிறுத்தி வைத்த கார் ஆடுகிறதே?
டயரில் தரையைத் தொட்டிருந்த இடம் தட்டையாகியிருக்கும். காற்றைச் சரிபார்த்துவிட்டு மிதமான வேகத்தில் 20 கி.மீ ஓட்டினால் டயர் சூடாகிப் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் டயர் கடைக்குப் போங்கள்.

எத்தனை கி.மீ-க்கு ஒரு முறை செய்ய வேண்டும்?
உங்கள் காரின் மேனுவலில் இருப்பதே கணக்கு. பொதுவாக, 10,000 கி.மீ-க்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றும்போது பேலன்சிங்கையும் சேர்த்துச் செய்வது நல்லது. புது டயர் போட்டால் கட்டாயம்.

ஓடும்போதே திடீரென வந்தால்?

மெதுவாக, வாரக்கணக்கில் கூடும் உதறலுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென உதறினால், அல்லது சில நிமிடங்களுக்குள் உதறல் வேகமாகக் கூடினால், அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள். பிரேக்கை அடிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறையவிடுங்கள். இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி, ரோட்டை விட்டு முழுக்க விலகி நிறுத்துங்கள். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி, தள்ளி நிற்க வையுங்கள். பிறகு நான்கு வீலையும் சுற்றிப் பாருங்கள்: நட், வீக்கம், காற்று. நட் தளர்ந்திருந்தால் முடுக்கிவிட்டு, அருகில் இருக்கும் டயர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டுங்கள். நட்டோ போல்ட்டோ உடைந்திருந்தால் காரை எடுக்க வேண்டாம். வீக்கம் இருந்தால் ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். போனில் நோட்ஸில் சேமித்து வைத்துக்கொண்டு, உங்கள் காருக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்: "அண்ணே, 85-ல ஆரம்பிக்குது, 100-ல அதிகமாகுது. ஸ்டீயரிங்ல மட்டும்தான் தெரியுது, சீட்ல இல்ல. பிரேக் பிடிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. போன வாரம் முன்பக்கம் இடது டயர் பஞ்சர் போட்டோம். மெஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி அந்த டயரை ஒரு தடவை சுத்திப் பாருங்க."

இந்த ஐந்து வரியைக் கேட்ட மெக்கானிக் எங்கே கை வைக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. உங்களுக்கும் தேவையில்லாத பில் வராது.

அடுத்த வாரம்: பிரேக் பிடித்தால் 'கீச்' சத்தம்... பேடு தேய்ந்துவிட்டதா, வெறும் தூசியா?